மழைக்கு முன்னே மலைக்கு வாருங்கள்!



பசறையில் கொழுந்தெடுக்கும் அக்காமாரே! பூனாகலையில் கவ்வாத்து வெட்டும் அண்ணன்மாரே! அப்புத்தளை, ஹாலிஎல, மடுல்சீமை, நமுனுகுலை, தெமோதரை லயங்களில் பிறந்து அதே லயங்களில் பிள்ளை வளர்க்கும் நம் சனங்களே!

கூடையை இறக்கி வையுங்கள். ஒரு நிமிஷம் குனியுங்கள். கொழுந்தைப் பார்த்தது போதும். தூரைப் பாருங்கள்.

வேர் தெரிகிறதா? மண்ணுக்குள் இருக்க வேண்டிய வேர் ஒரு சாண் உயரத்துக்கு வெளியே நிற்கிறது. தோல் உரிந்து, வெயிலில் வெளுத்து, பாசி பிடித்து நிற்கிறது. விரலை உள்ளே விடுங்கள். மறுபக்கம் வரும். வேருக்கு அடியில் காற்றுத்தான் இருக்கிறது. அந்தக் கன்றை நட்ட நாளில் அங்கே மண் இருந்தது. நம் பாட்டனும் பாட்டியும் முழங்காலிட்டு நட்ட மண். அது எங்கே போனது?

கேளுங்கள் தோழர்களே. உரக்கக் கேளுங்கள். எங்கே போனது?

மண்ணைப் படித்தவர்கள் 1980களிலேயே கணக்குச் சொல்லிவிட்டார்கள். மலைநாட்டுத் தேயிலை நிலத்தில் நூறு வருஷத்துக்குள் ஏறக்குறைய 30 சென்டிமீட்டர் மேல்மண் கழுவிக்கொண்டு போய்விட்டது. ஓர் அடி! பயிருக்குச் சோறு போடுகிற மண்ணே அந்த மேல் ஓர் அடிதான். அதற்குக் கீழே இருப்பது புளித்துப்போன செம்மஞ்சள் மண், சரளை, கல். அதில்தான் நம்மை இன்றைக்கு 20 கிலோ எடு என்கிறார்கள்.

பதுளு ஓயா மழைநாளில் கலங்கி ஓடுகிறதே, அது நம் மலை. உமா ஓயா சிவந்து இறங்கி ரந்தெம்பை நீர்த்தேக்கத்தில் வண்டலாய்ப் படிகிறதே, அதுவும் நம் மலை. மகியங்கனைச் சமவெளியில் மகாவலித் தண்ணீரை நம்பி வயல் விதைக்கிறவனின் வாய்க்காலில் சேறாய்ச் சேர்கிறதே, அதுவும் நம் மலை. மலை ஆற்றோடு போய்க்கொண்டிருக்கிறது தோழர்களே. நாம் அதன்மேல் நின்று கொழுந்தெடுத்துக்கொண்டிருக்கிறோம்.

இதை யார் செய்தார்கள் என்று நமக்குத் தெரியும். காட்டை எரித்துக் கோப்பி வைத்தான் வெள்ளைக்காரன். 1869இல் கோப்பி இலையில் துருநோய் விழுந்தது. அதன்பின் தேயிலை வைத்தான். மலையில் ஒரு புல் இருக்கக்கூடாது என்றான். சுரண்டியை நம் கையில் கொடுத்தான். சுரண்டச் சுரண்ட மண் மொட்டையானது. மொட்டை மண்ணில் ஐப்பசி மழை அடித்தது. அவன் இலாபம் கப்பலில் போனது. மண் ஆற்றில் போனது. நாம் மட்டும் போகவில்லை. 1948இல் குடியுரிமையைப் பறித்து நம்மையும் போகச் சொன்னார்கள். 1964இல் ஒப்பந்தம் போட்டு இலட்சக்கணக்கானவர்களைக் கப்பலேற்றினார்கள். மிச்சமிருந்தவர்கள் இந்த மண்ணைப் பிடித்துக்கொண்டு நின்றோம்.

1951இல் மண் காப்புச் சட்டம் வந்தது. மண் ஓடுவது நிற்கவில்லை. 1972லும் 1975லும் தோட்டங்கள் அரசுக்கு வந்தன. 1992இல் கம்பனிகளின் கைக்குப் போயின. குத்தகை 2045 வரை. 2045இல் போகிறவனுக்கு 2046இன் மண்ணைப் பற்றி என்ன கவலை? கவலை நமக்குத்தான். நம் பிள்ளை 2046லும் இங்கேதான் இருப்பான்.

இன்றைக்கு மலையைப் பாருங்கள். கான் வெட்டும் ஆளைக் குறைத்தார்கள். வெட்டிய கானும் மண் நிறைந்து தட்டையாய்க் கிடக்கிறது. தண்ணீர் கானை விட்டு வெளியேறித் தானே ஒரு வழி கீறிக்கொண்டு நேரே லயத்து முதுகுக்கு இறங்குகிறது. கல் அணை சரிந்தால் எடுத்து வைக்க ஆளில்லை. நிழல்மரம் விற்றாகிவிட்டது. ஆதாயம் இல்லை என்று கைவிட்ட மலை காடாகி, குளவி கூடு கட்டி, நம் பெண்களைக் கொட்டிக் கொல்கிறது. முள்ளுக்குத்துவதை நாம் பார்த்து எத்தனை காலம்? கடைசியாக உங்கள் மலைக்கு டொலமைட் எப்போது போட்டார்கள்? உங்களில் யாருக்காவது தெரியுமா?

மெலிந்த மண்ணில் கொழுந்து வராது. கொழுந்து வராவிட்டால் கிலோ வராது. கிலோ வராவிட்டால் பேர் விழாது, அரைப்பேர்தான் விழும். 2026ஆம் ஆண்டு வரவுசெலவுத் திட்டத்தில் நாட்சம்பளம் 1750 ரூபாய் என்றார்கள். 1550 சம்பளம், 200 வருகைக்கு. நாம் போராடிப் பெற்றது. பெற்றதைக் கையில் வாங்க 18 கிலோ, 20 கிலோ நிறுத்துக் காட்டவேண்டும். மொட்டை மலையில் அதை எங்கே எடுப்பது? சம்பளத்துக்குக் கொடி பிடிக்கிறோம். சரி. இனி மண்ணுக்கும் பிடிக்கவேண்டும். மண் போனால் சம்பளமும் அதோடுதான் போகும்.

2021ஐ மறந்துவிட்டோமா? ஒரே அறிவிப்பில் இரசாயன உரத்தை நிறுத்தினார்கள். சித்திரையில் நிறுத்தினார்கள், கார்த்திகையில் திறந்தார்கள். ஏறக்குறைய 30 கோடி கிலோ தேயிலை கொடுத்த நாடு அடுத்த வருஷம் 25 கோடி கிலோவுக்கு இறங்கியது. இயற்கை உரம் கெட்டதா? இல்லை தோழர்களே. மாட்டெருவும் இலைதழையும் மண்ணுக்கு உயிர். ஆனால் சொல்லிக்கொடுக்க ஆளில்லாமல், எரு சேர்க்க நேரம் கொடுக்காமல், மண்ணைத் தொட்டே பார்க்காதவர்கள் மேசையிலிருந்து உத்தரவு போட்டார்கள். மண்ணில் நிற்கிற நம்மிடம் ஒரு வார்த்தை கேட்டார்களா?

இங்கேதான் வலி இருக்கிறது. கேளுங்கள்.

தேயிலை ஆராய்ச்சி நிறுவனம் 1925இல் தொடங்கியது. தலவாக்கலையில் தலைமையகம், ஊவாவுக்கென்று பசறையில் ஒரு நிலையம். நூறு வருஷ அறிவு அங்கே இருக்கிறது. மண்ணின் புளிப்பு எவ்வளவு இருக்கவேண்டும், கான் எப்படி வெட்டவேண்டும், பழைய தேயிலையைப் பிடுங்கினால் ஒன்றரை, இரண்டு வருஷம் மானாப்புல்லோ குவாத்தமாலாப் புல்லோ வைத்து மண்ணைத் தேற்றி அதன்பின்தான் புதுக்கன்று நடவேண்டும் என்பதெல்லாம் எழுதி வைத்திருக்கிறார்கள். அந்தத் தாள் எங்கே போகிறது? துரையின் மேசைக்கு. மேசையிலிருந்து அலுமாரிக்கு. பிரட்டுக்களத்துக்கு வருகிறதா? நம் மொழியில் வருகிறதா? கான் வெட்டுகிற கைக்கு வருகிறதா?

பண்டாரவளையில் விவசாயத் திணைக்களத்தின் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. கிராமத்துக்குக் கமநல சேவை நிலையம் இருக்கிறது. விவசாயப் போதனாசிரியர் இருக்கிறார். சிறு தேயிலை வைத்திருப்பவருக்குத் தனி அதிகார சபையும் மறுநடுகைக்கு மானியமும் இருக்கின்றன. தோட்ட எல்லைக் கல்லுக்கு அந்தப் பக்கம் இவ்வளவும் இருக்கிறது. இந்தப் பக்கம்?

லயத்துக்குப் பின்னால் நம் அக்கா ஒருத்தி போஞ்சி போட்டிருக்கிறாள். லீக்ஸ் போட்டிருக்கிறாள். மலையில் வேலை முடிந்து வந்து, இருட்டும்வரை கிண்டி, சாம்பலும் சாணியும் போட்டு, சரிவுக்குக் குறுக்கே கல்லடுக்கிப் பாத்தி கட்டியிருக்கிறாள். அந்தக் கல்லடுக்கை யார் சொல்லிக்கொடுத்தது? யாரும் இல்லை. மண் ஓடுவதைப் பார்த்துப் பார்த்து அவளே கற்றது. ஒருநாள் இலையெல்லாம் கருகிப்போனதை ஒரு பையில் போட்டுக்கொண்டு கமநல நிலையத்துக்குப் போனாள். முதல் கேள்வி: காணி உறுதி எங்கே? பயிரைப் பற்றி ஒரு கேள்வியும் வரவில்லை. பையைத் திறக்கவே இல்லை. திரும்பி வந்தாள்.

ஐந்து தலைமுறையாய் மண்ணைக் கிண்டுகிறவள் விவசாயி இல்லையாம்! உறுதி இல்லையென்றால் பதிவு இல்லை. பதிவு இல்லையென்றால் விதையும் இல்லை, உர மானியமும் இல்லை. இது ஒரு நிலையத்தின் குற்றம் என்று நினைக்காதீர்கள். சட்டமே நம்மை வெளியே நிறுத்தியது. 1987இன் பிரதேச சபைச் சட்டம் தோட்டத்துக்குள் சபைப் பணம் செலவழிக்க வழி விடவில்லை. அதைத் திருத்த 2018வரை ஆனது. 31 வருஷம்! யார் திருத்த வைத்தது? கேட்டவர்கள். கேட்டுக்கொண்டே இருந்தவர்கள்.

வீட்டுக்கு 7 பேர்ச்சஸ் காணி தருகிறோம் என்றார்கள். வாங்குவோம். அது நம் உரிமை. ஆனால் 7 பேர்ச்சில் வீடு நிற்கும், பயிர் நிற்குமா? வெளியாள் உற்பத்தி முறை என்று சொல்லி நமக்கு மலையைப் பங்கு பிரித்துக் கொடுக்கிறார்களே, அங்கும் கிழட்டு மலையைத்தான் கொடுக்கிறார்கள். மண் தேற்றுகிற செலவு நம் தலையில். விலை சொல்வது அவர்கள். எழுத்தில் என்ன இருக்கிறது என்று கேட்டீர்களா? கேளுங்கள். கையெழுத்துப் போடுமுன் தமிழில் கேளுங்கள்.

இப்போது மீரியாபெத்தை.

மூச்சைப் பிடித்துக்கொண்டு இதைச் சொல்லித்தான் ஆகவேண்டும். 2014 அக்டோபர் 29. புதன்கிழமை காலை. பிள்ளைகள் சிலர் பள்ளிக்கூடம் போயிருந்தார்கள். கொஸ்லந்தை மீரியாபெத்தையில் மலை இறங்கியது. லயம் லயமாக மூடியது. கோயில் போனது. பள்ளிக்கூடத்திலிருந்து ஓடி வந்த பிள்ளைகளுக்கு வீடு இருந்த இடம் தெரியவில்லை. தோண்டியும் பலரை எடுக்க முடியவில்லை. அவர்கள் இன்னும் அங்கேதான் கிடக்கிறார்கள்.

அது திடீரென்று வந்ததா? இல்லை! தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005இல் சொன்னது. 2011இல் மறுபடி சொன்னது. இந்த இடம் ஆபத்து, சனங்களை எடுங்கள் என்று சொன்னது. ஒன்பது வருஷம் அந்தக் கடிதம் மேசை மேசையாய்ச் சுற்றியது. நம்மில் சிலருக்கும் தெரிந்திருந்தது. மாற்று இடம் கொடு என்று கத்தவேண்டிய அளவுக்கு நாமும் கத்தவில்லை. அந்த மௌனத்தின் விலையை நம் சனங்கள் உயிரால் கொடுத்தார்கள்.

புது வீடுகளைக் கையில் கொடுக்க 2016 ஆனது. 2023 மார்ச்சில் பூனாகலை கபரகலையில் மண் இறங்கியது. குடும்பங்களைத் தேயிலைத் தொழிற்சாலைக் கட்டடத்தில் தங்கவைத்தார்கள். 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் வந்தது. பதுளை, கண்டி, நுவரெலியா எங்கும் மலை இறங்கியது. நாடு முழுவதும் 600 உயிருக்கு மேல் போனது. பதுளை அதிகம் அழுத மாவட்டங்களில் ஒன்று. மண்சரிவு அபாய வரைபடம் முதலில் போட ஆரம்பித்த மாவட்டங்களிலும் பதுளை ஒன்று. வரைபடம் இருக்கிறது. சிவப்பு நிறம் இருக்கிறது. அந்தச் சிவப்புக்குள் நம் லயம் இருக்கிறது. உங்கள் லயம் எந்த நிறத்தில் இருக்கிறது என்று யாராவது உங்களுக்குக் காட்டினார்களா?

காட்டச் சொல்லுங்கள். நாளைக்கே போய்க் காட்டச் சொல்லுங்கள்.

பயமாக இருக்கிறது என்கிறீர்கள். தெரியும். பேரை வெட்டுவார்கள் என்ற பயம். வேலை மாற்றித் தூர மலைக்கு அனுப்புவார்கள் என்ற பயம். அந்தப் பயத்தோடுதான் நாமெல்லாரும் விடிகிறோம். ஆனால் தோழரே, லயத்துக்குப் பின்னால் சுவரிலிருந்து நாலு முழத்தில் நிலம் வெடித்திருக்கிறதே, பொலித்தீனைத் திணித்து மேலே மண்ணை அள்ளிப் போட்டு மூடினீர்களே, அதற்குப் பக்கத்தில் பிள்ளையைத் தூங்க வைத்துவிட்டு எதற்குப் பயப்படுகிறீர்கள்? கணக்கப்பிள்ளைக்கா?

பதுளை பயந்த மண் அல்ல. 1940 மே மாதம். வேவெஸ்ஸத் தோட்டம். நம் பாட்டன்மார் தாங்களே தொழிலாளர் சபை ஒன்றைத் தெரிந்தெடுத்தார்கள். சபையோடு பேசித்தான் வேலை செய்விப்பேன் என்று துரையை ஒப்புக்கொள்ள வைத்தார்கள். துவக்கோடு வந்த பொலிசாரின் ஆயுதத்தைப் பிடுங்கினார்கள். பதுளை நகரத்தில் தடையை மீறிக் கூட்டம் போட்டார்கள். பிறகு அடித்தார்கள், நசுக்கினார்கள். ஆனாலும் அந்தச் சபை நடந்தது. எழுதப் படிக்கத் தெரியாத சனங்கள் நடத்திக் காட்டினார்கள். நம் வீட்டில் இப்போது பட்டதாரிகள் இருக்கிறார்கள். சபை எங்கே?

1977இல் நுவரெலியாப் பக்கம் தோட்டக் காணி 7000 ஏக்கரைப் பிரித்தெடுக்க வந்தார்கள். நம் சனங்கள் மறித்தார்கள். மே 11ஆம் திகதி டெவன் தோட்டத்தில் பொலிஸ் சுட்டது. சிவனு லட்சுமணன் விழுந்தார். காணி பிரிப்பது நின்றது. அவர் கேட்டது சம்பள உயர்வு அல்ல தோழர்களே. காலுக்குக் கீழே இருக்கும் மண்.

இப்போது நம் முறை. என்ன செய்வது? சொல்கிறேன். பெரிய மேடை வேண்டாம். பெரிய தலைவர் வரும்வரை காத்திருக்கவும் வேண்டாம்.

மலையை நடந்து பாருங்கள். ஒவ்வொரு லயத்துக்கும் மேலே இருக்கிற சரிவை நடந்து பாருங்கள். எந்தக் கான் அடைபட்டிருக்கிறது? எந்த மரம் சாய்ந்திருக்கிறது? நிலம் எங்கே வெடித்திருக்கிறது? இல்லாத இடத்தில் ஊற்று வந்ததா? இருந்த ஊற்று வற்றியதா? தெளிந்த பீலித் தண்ணீர் திடீரென்று கலங்கியதா? கதவு நிலை இறுகி, நேற்றுச் சாத்திய கதவு இன்று சாத்த முடியவில்லையா? எழுதுங்கள். திகதி போட்டு எழுதுங்கள். போனில் படம் எடுங்கள். ஒரு பிரதி துரைக்கு, ஒரு பிரதி கிராம உத்தியோகத்தருக்கு, ஒரு பிரதி பிரதேச செயலாளருக்கு. வாங்கிக்கொண்டதற்குக் கையெழுத்து வாங்குங்கள். கையெழுத்து இல்லாமல் திரும்பாதீர்கள்!

மழையை அளந்துகொள்ளுங்கள். வாயும் அடியும் ஒரே அகலமாய் இருக்கிற நேரான பேணி ஒன்றை வெட்டவெளியில் வையுங்கள். பள்ளிக்கூடப் பிள்ளையின் அடிமட்டத்தால் அளந்து பாருங்கள். 24 மணித்தியாலத்தில் 75 மில்லிமீட்டர் என்றால் கண் மூடாதீர்கள். 100 என்றால் கிழவர்களையும் பிள்ளைகளையும் முதலில் எடுங்கள். 150 என்றால் ஒருவரும் லயத்தில் இருக்கக்கூடாது. ஒருவரும்! யாருடைய உத்தரவுக்கும் காத்திருக்கவேண்டாம். மீரியாபெத்தை காத்திருந்தது.

மண்ணைக் கட்டுங்கள். மூன்று கம்பு, ஒரு கயிறு, ஒரு கல் போதும். ஆங்கில ஏ எழுத்துப் போலச் சட்டம் கட்டிச் சரிவில் மட்டம் பிடிக்கலாம். அந்த மட்டத்தில் கிளிரிசிடியா நெருக்கி நட்டால் அது வேலியாகும், மண்ணைப் பிடிக்கும், வெட்டிய தழை எருவாகும். கறித்தோட்டத்தில் தொடங்குங்கள். நம் அக்காவின் கல்லடுக்கைப் போய்ப் பார்த்துக் கற்றுக்கொள்ளுங்கள். கானில் சேர்ந்த மண்ணை வாரி மலைக்கே திருப்பிப் போடுங்கள். அந்த வேலைக்குப் பேர் போடச் சொல்லுங்கள். கான் வெட்டுவது தோட்ட வேலை, தருமம் அல்ல!

கவ்வாத்து மிலாறை மலையிலேயே விட்டால் மண்ணுக்கு நல்லது. உண்மை. ஆனால் அடுப்புக்கு விறகில்லாதவள் மிலாறைத்தான் சுமப்பாள். அவளைக் குறை சொல்லுமுன் விறகு தரச் சொல்லுங்கள். மண்ணைக் காக்கிற செலவை இனி நம் அடுப்பிலிருந்து எடுக்கவிடாதீர்கள்.

கமநல நிலையத்துக்குக் கூட்டமாய்ப் போங்கள். தனியாகப் போகாதீர்கள். 20 பேர், 30 பேராய்ப் போங்கள். 2000ஆம் ஆண்டின் 46ஆம் இலக்கக் கமநல அபிவிருத்திச் சட்டத்தில் விவசாயிகள் அமைப்புக்கு இடமிருக்கிறது. நம் அமைப்பைப் பதியச் சொல்லுங்கள். மறுத்தால் மறுப்பை எழுத்தில் கேளுங்கள். தமிழ் பேசும் போதனாசிரியரைத் தோட்டத்துக்கு அனுப்பச் சொல்லுங்கள். மண் பரிசோதனை முடிவைப் பிரட்டுக்களத்தில் ஒட்டச் சொல்லுங்கள். கைவிட்ட மலையைப் பயிர் செய்ய நம் பெயரில், பெண் பெயரும் சேர்த்து, எழுதித் தரச் சொல்லுங்கள்.

ஊவா வெல்லஸ்ஸ பல்கலைக்கழகத்தில் தேயிலைத் தொழில்நுட்பம் படிக்கும் லயத்துப் பிள்ளைகளே! உங்களைத்தான். உங்கள் அம்மாவின் கூடைப்பணத்தில் படித்தீர்கள். படித்ததைக் கொண்டு வாருங்கள். நல்ல தமிழில், நம் பேச்சில், அம்மாவுக்கு விளங்குகிற மாதிரி சொல்லுங்கள். அரசாங்கம் போதனாசிரியரை அனுப்பும்வரை நீங்கள்தான் போதனாசிரியர்.

கிராமத்துச் சிங்களத் தோழர்களையும் கூப்பிடுங்கள். 1840இன் முடிக்குரிய காணிச் சட்டம் அவர்கள் சேனைக் காட்டைத்தான் பறித்தது. வெலிமடையில் உருளைக்கிழங்குக்கு மூட்டை மூட்டையாய் உரம் கொட்டிக் கடனாளியாகிறவர்களும், மகியங்கனையில் சேற்று வாய்க்காலை வாருகிறவர்களும் அவர்கள்தான். உமா ஓயாச் சுரங்கத்தால் கிணறு வற்றி, சுவர் வெடித்தபோது பண்டாரவளைப் பக்கம் தெருவுக்கு வந்தவர்களும் அவர்கள்தான். மேலே நாம் மண்ணைப் பிடித்தால் கீழே அவர்கள் வயல் பிழைக்கும். இதைச் சிங்களத்தில் சொல்ல நம்மில் எத்தனையோ பேருக்குத் தெரியும். போய்ச் சொல்லுங்கள்.

ஐப்பசி வருகிறது. ஐப்பசி மழை யார் வீட்டுக் கதவையும் தட்டிக் கேட்டு வராது. இப்போது வெயில் அடிக்கிறது. மண் காய்ந்திருக்கிறது. கான் வெட்ட இதுதான் காலம். வெடிப்பு தெளிவாய்த் தெரிகிற காலமும் இதுதான். இந்த நாட்களை விட்டால் அடுத்த நாள் கிடைக்குமா என்று என்னால் சொல்லமுடியாது.

லயத்துக்கு இரண்டு பேர் வேண்டும். ஒரு பெண், ஓர் ஆண். மண்வெட்டி, கொப்பி, பேனா, போன். வரும் ஞாயிறு காலை ஏழு மணிக்குக் கோயிலடி. மேல் லயத்திலிருந்து தொடங்கிக் கடைசிக் கான்வரை நடக்கிறோம். திங்கட்கிழமை பிரட்டில் பட்டியலைத் துரையின் கையில் கொடுக்கிறோம். கொடுக்கப் போகும்போது பின்னால் எத்தனை பேர் நிற்கிறார்கள் என்பதைத்தான் அவர் முதலில் பார்ப்பார்.

உங்கள் லயத்திலிருந்து யார் வருகிறீர்கள்? பெயரைச் சொல்லுங்கள் தோழரே!